எங்கே போனாய் என்று கேட்டும் வாய் திறக்காத கோமதியக்காவுக்கு

அன்புள்ள கோமதியக்கா,

நீங்கள் போய்விட்ட செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. உங்கள் மகள் மல்லிகா, பாளையங்கோட்டையில் நான் முன்பு இருந்த வீட்டு முகவரிக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். நான் கடலூருக்கு மாற்றலாகி வந்தது அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டுச் சொந்தக்காரர் விலாசத்தை மாற்றி எழுதி அனுப்ப, அது சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தது. படித்து முடித்ததும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனில் பாசஞ்சரை விட்டு இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. உங்கள் தெருவில் புதிது புதிதாக மாடி வீடுகள் வந்துவிட்டன. எந்தச் சந்து உங்கள் முடுக்கு என்று சட்டென்று பிடிபடவில்லை. நடையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கோமதியம்மா வீடு எது என்று கேட்டேன்.

"எந்தக் கோமதி? கொழுந்தன வெட்டுனாள்லா, அவளா? அவ செத்துப் போயிட்டாளே."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அக்கா. உங்கள் ஊரில் கோமதிகள் தெருவுக்கு நாலு பேர். அடையாளத்துக்குச் சொன்னாள். ஆனால் நீங்கள் இருந்து வாழ்ந்து போன பிறகும் அதுதானா உங்களுக்கு அடையாளம்? எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை நாலு பேர் காதிலும் விழும்படி எழுதுகிறேன். மல்லிகாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் கொழுந்தன் மனைவி பேச்சியிடமும் கேட்டேன். "எம் பேரப் போட்டே எழுதுங்கம்மா. ஒளிச்சது போதும்" என்றாள்.

உங்களை நான் முதலில் பார்த்தது அம்பாசமுத்திரம் கோர்ட் வராந்தாவில். நன்னடத்தை அலுவலராக நான் வேலையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. முதல் தடவையாகக் குற்றம் செய்தவர்களைச் சிறைக்கு அனுப்பலாமா, அல்லது ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருக்க விடலாமா என்று நீதிமன்றம் எங்களைத்தான் விசாரித்துச் சொல்லச் சொல்லும். வீட்டில் இருக்க விட்டால், அந்தக் காலம் முடிகிறவரை அவர்களைப் பார்த்துக்கொள்வதும் நாங்கள்தான். சொன்ன சொல்லை மீறினால் நீதிமன்றத்துக்கு எழுதிப் போடுவதும் நாங்கள்தான். உதவிக்கு வருகிறவளும் நான், காட்டிக்கொடுக்கிறவளும் நான். அந்த இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கணவர் காய்ச்சலில் போன பிறகு, பாகம் பிரித்த வீட்டில் பின்கட்டு உங்களுக்கு, முன்கட்டு கொழுந்தன் சுடலைமுத்துவுக்கு. ஒருநாள் சாயங்காலம் அரிவாள்மணையைத் தூக்கி அவர் முன்கையில் வெட்டிவிட்டீர்கள். தையல் போட்டுக் காயம் ஆறிவிட்டது. கோர்ட்டில் கேட்டபோது, "ஆமாய்யா, வெட்டுனேன்" என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். சாட்சி, விசாரணை எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று.

நான் ஊருக்கு வந்து விசாரித்தேன். பலசரக்குக் கடை அண்ணாச்சி, பீடிக்கடைக் கணக்கர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள், வீட்டுப் பாகத்தில் தகராறு என்று. சுடலைமுத்து கையில் கட்டோடு, "தனியா இருக்கிற பொம்பள, எல்லாத்தையும் அமுக்கப் பாக்கா" என்றார். கதவுக்குப் பின்னால் பேச்சி நின்றாள். அவளிடம், "நீ என்னம்மா சொல்லுத?" என்று கேட்டேன். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவரே பதில் சொன்னார். அவள் உள்ளே போய்விட்டாள்.

பின்கட்டுக்கு வந்து உங்களிடமும் கேட்டேன்.

"எதுக்கு வெட்டுனீங்க?"

"கோவம்மா."

"என்ன கோவம்?"

"கோவந்தான். வேற என்னம்மா சொல்ல?"

மல்லிகாவுக்கு அப்போதுதான் திருப்பூரில் கல்யாணம் முடித்துக் கொடுத்திருந்தீர்கள். உங்கள் மேல் இதற்கு முன் ஒரு வழக்கும் கிடையாது. உழைத்துச் சாப்பிடுகிறவர், மறுபடி இப்படிச் செய்யமாட்டார் என்று நம்புகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் மூன்று வருடத்துக்கு உங்களை என் கண்காணிப்பில் விட்டார். சுடலைமுத்துவோடு எந்த வம்புக்கும் போகக்கூடாது, மாதம் ஒருமுறை பாளையங்கோட்டைக்கு வந்து என்னைப் பார்க்க வேண்டும், அனுமதி இல்லாமல் ஜில்லாவைத் தாண்டக்கூடாது. நான் ஒவ்வொன்றாகச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே வந்தீர்கள். "அவ்வளவுதானம்மா? சரி" என்றீர்கள்.

முதல் வருடம் உங்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தவறாமல் வருவீர்கள். நானும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர்ப்பக்கம் வருவேன். ஒருதடவை சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டேன். சட்டியை மூடி வைத்துவிட்டு, "நீங்க சைவக்காரவிய. இங்கன மீன் கொழம்பு மணக்குதேம்மா" என்று நீங்கள் பட்ட சங்கடம் இருக்கிறதே! பக்கத்துக் கடைக்குப் போய் எனக்கு முறுக்கும் கடுங்காப்பியும் வாங்கிவந்து கொடுத்தீர்கள். குடித்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு கிளம்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாளும் சத்தம் கேட்டதில்லை. நான் வருகிற நேரத்தில் கேட்காது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது வருடம் ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. காலையில் அலுவலகம் திறந்ததுமே சுடலைமுத்து வந்து நின்றார்.

"நல்லவன்னு எழுதிக் குடுத்தியல்லா? இப்பப் பாருங்க. எம் பொண்டாட்டியயும் இழுத்துக்கிட்டு ஓடிட்டா. நாலஞ்சு நாளாச்சு, ரெண்டு பேரையும் காணும்."

"எங்க போயிருப்பாங்கன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா நான் எதுக்கு இங்கன வாரேன்? அவள உள்ள போடுங்க. உள்ள போட்டா தன்னால சொல்லிருவா."

கையோடு மனுவும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அடுத்த ரயிலில் நான் ஆழ்வார்குறிச்சிக்கு வந்தேன். உங்கள் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுப் பைய என் அருகில் வந்தார். "எங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா போனது நல்லதுக்குத்தான்" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீங்கள் திரும்பி வந்தது ஆனி முடிகிற சமயம். ஊருக்குக்கூடப் போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் துணிப்பையோடு நேரே என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். காலெல்லாம் செம்மண். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தப்பு செஞ்சிட்டேம்மா. சொல்லாம ஜில்லா தாண்டிப் போயிட்டேன்" என்றீர்கள்.

"எங்க போனீங்க?"

"அத மட்டும் கேக்காதீங்க."

"பேச்சி எங்க?"

"நல்லா இருக்கா."

"கோமதியம்மா, அந்த ஆளு மனு குடுத்திருக்காரு. நான் கோர்ட்டுக்கு எழுதியாகணும். எங்க போனீங்க, எதுக்குப் போனீங்கன்னு சொன்னாத்தான் நான் ஒங்களுக்காகப் பேச முடியும்."

"எழுதுங்கம்மா. நான் ஒங்கள வேண்டாம்னா சொன்னேன்? உள்ளத எழுதுங்க. சொல்லாம போனேன். கேட்டதுக்குப் பதில் சொல்லல. எல்லாம் நெசந்தான?"

"ஜெயில்ல போட்டுருவாங்க."

"போட்டா இருந்துட்டு வாரேன். நான் எடத்தச் சொல்லிட்டேன்னு வைங்க, விடியுமுன்ன அவன் அங்கன போயி நிப்பான்."

எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது அக்கா. ஏன் என்னிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தபோது அந்தக் கோபம் கொஞ்சம் அடங்கியது. அனுமதி கேட்டு எழுதினால், விதிப்படி நான் ஊருக்கு வந்து விசாரிப்பேன். சுடலைமுத்துவிடமும் கேட்பேன். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த அறிக்கையை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மகளுக்கு உடம்பு சரியில்லை என்று போனார் என்று ஒரு வரி போட்டால் யாரும் திருப்பூர் வரைக்கும் போய்க் கேட்கப்போவதில்லை. அந்த வரி பேனா முனைவரை வந்தது. ஆனால் நீங்களே உள்ளதை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்காக நான் ஒரு பொய் எழுதி, அது நாளைக்கு வெளியே வந்தால், அதற்கும் சேர்த்து நீங்கள்தான் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். எங்கள் மூத்த அலுவலர், "உத்தரவ ரத்து பண்ணச் சொல்லி எழுதிடும்மா. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆனா ஒன் தலையிலதான் விடியும்" என்றார். அவரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். அனுமதியின்றி வெளியூர் சென்றார். இடத்தைச் சொல்ல மறுக்கிறார். தானாகவே திரும்பி வந்து என்னிடம் ஒப்புக்கொண்டார். கடைசியில், கண்காணிப்பைத் தொடர அனுமதிக்க வேண்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை அன்று கோர்ட்டில் கூட்டம். சுடலைமுத்து இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பின்வரிசையில் நின்றார். நீங்கள் நீலக் கண்டாங்கிச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றீர்கள். மாஜிஸ்திரேட் என் அறிக்கையைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"என்னம்மா, அடுத்தவர் மனைவியப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களாமே?"

"அவ பச்சப்புள்ள இல்லய்யா. அவ கால்லதான் நடந்து வந்தா. நான் கூட நடந்தேன்."

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

"எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"சொல்ல மாட்டேன்யா."

"கோர்ட்டுல கேக்குறோம். சொல்லலன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்யா. இந்த அம்மா சொல்லியிருக்காவ. மதிக்காம சொல்லலய்யா நான். சொன்னா அவளுக்கு ஆவாது. ஐயா என்ன தண்டன குடுத்தாலும் ஏத்துக்கிடுதேன்."

மாஜிஸ்திரேட் உங்களைப் பார்த்தார். பிறகு பின்வரிசையைப் பார்த்தார். சுடலைமுத்து பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அப்புறம் மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு எங்கன்னு தெரியுமா?"

"தெரியாது ஐயா."

"தெரியாமலேதான் தொடர விடணும்னு எழுதியிருக்கீங்களா?"

"ஆமா ஐயா. ஓடிப்போக நினைச்சவங்க திரும்பி என் அலுவலகத்துக்கு வந்திருக்க மாட்டாங்க. இதுவரைக்கும் அவங்க என்கிட்ட ஒரு பொய்யும் சொன்னதில்ல. சொல்லமாட்டேன்னு சொல்றதக்கூட நேராச் சொல்றாங்க."

சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

உங்களுக்குச் சின்ன அபராதம். இனி மாதம் ஒருமுறை இல்லை, அந்த வருடம் முடிகிறவரை வாரம் ஒருமுறை என் முன் வந்து நிற்க வேண்டும். மறுபடி மீறினால் சிறைதான் என்று மாஜிஸ்திரேட் சொன்னார். சுடலைமுத்து முன்னால் வந்து, "அப்ப எம் பொண்டாட்டி?" என்று சத்தம் போட்டார். "இங்க விசாரண இந்தம்மா மேல. உம்ம மனைவியக் காணலன்னா அதுக்குத் தனியா மனு போடும். ஏன் போனாங்கன்னு அப்ப விசாரிப்போம்" என்றார் மாஜிஸ்திரேட். சுடலைமுத்து அந்த மனுவைக் கடைசிவரை போடவே இல்லை.

வாராவாரம் பாளையங்கோட்டைக்கு வந்து போனால் உங்கள் பீடி சுற்றுகிற பிழைப்பு கெட்டுவிடும். திங்கட்கிழமைகளில் நான் அம்பாசமுத்திரம் கோர்ட்டுக்கு வருவேன், அங்கேயே வந்து பாருங்கள் என்று சொன்னேன். நீங்கள் சுளகும் இலையும் தூளும் நூலுமாக வந்து இறங்கினீர்கள். வராந்தா ஓரத்தில் சம்மணம் போட்டு, சுளகை மடியில் வைத்து, என் வேலை முடிகிறவரை பீடி சுற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒரு குமாஸ்தா, "என்னக்கா, கோர்ட்டையே பீடிக்கடை ஆக்கிட்டிய?" என்று கேலி செய்தார். "நீங்கள்லாம் சும்மா நிக்கீய. நான் கையையாவது ஆட்டுதேன்" என்றீர்கள். அப்புறம் அவரே உங்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமைகளில்தான் நாம் பேச ஆரம்பித்தோம். எனக்கு ஏன் இன்னும் மாப்பிள்ளை பார்க்கவில்லை என்று விசாரித்தீர்கள். என் அம்மாவின் மூட்டுவலிக்கு எண்ணெய் காய்ச்சி ஒரு பாட்டிலில் கொண்டுவந்தீர்கள். பேச்சியைப் பற்றி நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், மாப்பிள்ளை விஷயத்தில் இன்றுவரை முன்னேற்றம் ஒன்றும் இல்லை. எண்ணெயை மட்டும் அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் சுற்றிக்கொண்டிருந்த பீடியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு எடத்துக்குப் போகணும்மா. இந்தத் தடவ கேட்டுட்டுப் போறேன்" என்றீர்கள்.

"எங்க?"

"மார்த்தாண்டத்துக்கு."

"அங்க யாரு இருக்கா?"

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு, மழைக்காக வராந்தாவில் ஒதுங்கி நின்றவர்கள் நகரும்வரை காத்திருந்துவிட்டு மெல்லச் சொன்னீர்கள்.

"பேச்சிக்குப் பொம்பளப்புள்ள பொறந்திருக்கு."

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னீர்கள். சுடலைமுத்து அவளை அடித்து அடித்தே இரண்டு கரு கலைந்து போயிற்று. மூன்றாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகும் அடி நிற்கவில்லை. ஒருநாள் காலை அவள் சுவர் ஏறிக் குதித்து உங்கள் பின்கட்டுக்கு வந்து, "யக்கா, இதையும் கொன்னுருவான்" என்றாள். அடுத்த பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மார்த்தாண்டம் பக்கத்தில் அவளுடைய சித்தி ஒருத்தி இருக்கிறாள், அந்த வீடு சுடலைமுத்துவுக்குத் தெரியாது. அந்த வீட்டில் அவளைச் சேர்த்து, சித்தி வேலை பார்க்கிற முந்திரி ஆலையிலேயே அவளுக்கும் உட்கார்ந்து செய்கிற வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டுத்தான் திரும்பினீர்கள்.

"அப்ப, மொத நாளு வெட்டினது?"

"அவ முடியச் சுத்திப் பிடிச்சு செவுத்துல மோதிக்கிட்டிருந்தான். விடுடேன்னு சொன்னேன். விடல. கையில அரிவாமண இருந்துச்சு."

கையில் இருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"இத மொதல்லயே கோர்ட்டுல சொல்லியிருந்தா கேஸே வேற மாதிரி போயிருக்குமே கோமதியம்மா. ஒங்க மேல குத்தமே இல்லன்னுகூட விட்டிருப்பாங்களே."

"விட்டிருப்பாவ. அதுக்கு அவ வந்து கூண்டுல ஏறிச் சொல்லணும்லா? சொல்லிட்டு அன்னைக்கு அந்திக்கு எந்த வீட்டுக்குப் போவா?"

இப்போதும் யோசிக்கிறேன். அன்றைக்கு முன்கட்டில் அவள் புருஷன் முன்னால் வைத்து அவளிடம் கேட்டேனே, அதற்குப் பதிலாக அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? சொல்லியிருந்தால், அவளைக் கொண்டுபோய் வைக்க என்னிடம் ஓர் இடம் இருந்ததா? உங்களிடம் இருந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு சித்தி வீடு.

உறவினர் வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்க என்று எழுதி அனுமதி வாங்கிக் கொடுத்தேன். அது உண்மைதானே. திரும்பி வந்து, குழந்தையின் மூக்கு, நெற்றி எல்லாம் சொன்னீர்கள். உங்கள் பெயரை வைக்கவேண்டும் என்று பேச்சி பிடிவாதம் பிடித்தாளாம். "எம் பேரு வச்சவ எவளும் நிம்மதியா இருந்ததில்ல, வேற வையின்னுட்டேன்" என்றீர்கள். தேன்மொழி என்று வைத்தார்கள். நடந்ததையெல்லாம் மாஜிஸ்திரேட்டுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்மா. புள்ள கொஞ்சம் வளரட்டும்" என்று சொல்லிவிட்டீர்கள். நான் எழுதவில்லை.

மூன்று வருடம் முடிந்த அன்று அலுவலகத்துக்கு வந்தீர்கள். கண்காணிப்பு முடிந்தது என்று சொன்னேன். இனி எங்கே வேண்டுமானாலும் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம் என்றேன். "ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போனா தப்பில்லலா?" என்றீர்கள். அன்றுதான் முதல்முதலாக உங்களை அக்கா என்று கூப்பிட்டேன். அதுவரைக்கும் கூப்பிடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் மார்த்தாண்டம் போகும்போதெல்லாம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவீர்கள். காசு ஓடுகிற பயத்தில் ஒரே மூச்சில் எல்லாச் செய்தியையும் கொட்டிவிட்டு வைத்துவிடுவீர்கள்.

கடைசியாகப் பேசினபோது உங்களுக்கு இருமல் அதிகமாக இருந்தது. புகையிலைத் தூள் என்றீர்கள். டாக்டரைப் பாருங்கள் என்றேன், சரி என்றீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை என்று மல்லிகா சொன்னாள். நெஞ்சு முழுக்கச் சளியாம். வலி அதிகம் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது என்றாள். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

உங்கள் துட்டி வீட்டில், நீங்கள் போன அன்று நடந்ததை மல்லிகா சொல்லக் கேட்டேன். நீங்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்களை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பேச்சி வந்து இறங்கினாளாம். தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு. அவள் போன பிறகு அந்தத் தெருவில் கால்வைத்தது அன்றைக்குத்தான். முன்கட்டு வாசலில் சுடலைமுத்து நின்றிருக்கிறார். தலையெல்லாம் நரைத்து ஆள் பாதியாகிவிட்டாராம். குழந்தையைப் பார்த்திருக்கிறார். "ஏட்டி பேச்சி" என்று வாயெடுத்திருக்கிறார். அவள் நிற்கவில்லை. நேரே வந்து உங்கள் காலடியில் விழுந்து அழுதிருக்கிறாள். அழுது ஓய்ந்த பிறகு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடியிருந்த பெண்களைப் பார்த்து, "அக்கா இவன வெட்டுனது வீட்டுக்காவ இல்ல. எனக்காவத்தான். இத்தன வருஷம் நான் வாயத் தொறக்கல. இன்னைக்குச் சொல்லுதேன், எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றாளாம்.

ஒரு கிழவர், "துட்டி வீட்ல எதுக்குத் தாயி பழசெல்லாம்" என்று தடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டம்மா, கதவைச் சாத்திக்கொண்டாரே, அவரேதான், "அவ சொல்லட்டும்வே. நீரு கொஞ்சம் பேசாம இரும்" என்று அவரை உட்கார வைத்தாராம். சுடலைமுத்து உள்ளே போனவர், உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்வரை வெளியே வரவில்லை.

நான் போனபோது பேச்சி அங்கேதான் இருந்தாள். கை கறுத்துப்போயிருக்கிறது, முந்திரிக்கொட்டைப் பால் பட்டு. ஆனால் ஆள் நிமிர்ந்து நிற்கிறாள். தேன்மொழி இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். நான் எது கேட்டாலும் "ஏன்?" என்று திருப்பிக் கேட்கிறாள். உங்கள் பின்கட்டில் பேச்சி இருந்துகொள்ளட்டும் என்று மல்லிகா சொல்லிப் பார்த்தாள். "அந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் வராதுட்டி" என்று பேச்சி மறுத்துவிட்டாள். மார்த்தாண்டத்துக்கே திரும்பிப் போகிறாள்.

கிளம்புகிற அன்று ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். பிள்ளையின் செலவுக்கு அவரிடம் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடலாமா என்று. போடலாம் என்றேன். அவர் இருக்கிற ஊருக்கான அந்த அம்பாசமுத்திரம் கோர்ட்டிலேயே போடப் போகிறாள். வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டேன். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

விசாரணையில் அவளைக் கேட்பார்கள் அக்கா. ஏன் புருஷன் வீட்டை விட்டுப் போனாய்? எங்கே போனாய்? யார் கூட்டிக்கொண்டு போனது? அத்தனைக்கும் அவள் அந்தக் கூண்டில் ஏறி நின்று பதில் சொல்லத் தயாராக இருக்கிறாள். சொல்லிவிட்டுச் சாயங்காலம் போவதற்கு அவளுக்கு இப்போது ஒரு வீடு இருக்கிறது. அன்றைக்கு நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, அதிகாரியாக இல்லாமல், அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை வாய்தா போட்டாலும் அத்தனைக்கும் வருவேன். யார் கூட்டிக்கொண்டு போனது என்று கேட்கும்போது, பின்வரிசைக்கும் கேட்கும்படி உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

என்றும் உங்கள் தங்கச்சி,
வடிவு